மருத்துவ மாமேதை டாக்டர் யெல்லப்பிரகட சுப்பாராவ்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

நமது பூந்தமல்லியின் பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலை சென்னை நகருக்குள் புகுந்து சென்ட்ரல் ரயில் நிலையத்தை எட்டும் இடத்தில், சாலையின் மறுபுறத்தில் சென்னை மருத்துவக் கல்லூரி நிற்கிறது. ஆவடியில் மின்சார ரயில் ஏறிச் சென்று அங்கே இறங்கும் நம்மில் பலர் அக்கட்டடத்தைப் பார்த்திருப்போம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்த ஓர் ஏழை மாணவர், பிற்காலத்தில் உலகெங்கும் கோடிக்கணக்கான நோயாளிகள் உட்கொள்ளும் மருந்துகளுக்குக் காரணமானார். ஆயினும் அவர் பெயரைக் கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். அவரே டாக்டர் யெல்லப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடல்நலக் குறைவால் அவர் விரைவிலேயே ஓய்வு பெற நேரிட்டதால், பிள்ளைகள் நிறைந்த அந்தக் குடும்பத்தில் வறுமை வந்து உட்கார்ந்துகொண்டது. பதின்மூன்று வயதில் சுப்பாராவ் ஒரு காரியம் செய்தார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்! பாதி வழியிலேயே பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்னை வெங்கம்மா விடவில்லை. எப்பாடு பட்டாவது படித்தே தீரவேண்டும் என்று பிடிவாதமாக மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார்.

இனி நான் எழுதப்போவதைப் பெற்றோர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மெட்ரிகுலேஷன் தேர்வில் சுப்பாராவ் இரண்டு முறை தோல்வியுற்றார். மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். பொதுத்தேர்வு எழுதப்போகும் நாங்கள் இதைப் படிக்கும்போது கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறோம்.

பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு முடித்தார். அந்நாட்களில் அவர் மனம் இராமகிருஷ்ண மடத்தை நாடியது, துறவியாகிவிட விரும்பினார். மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யலாமே என்று அங்கே அவருக்கு அறிவுரை கிடைத்தது. நண்பர்களின் உதவியால் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919இல் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தபின் மாமனாரும் படிப்புச் செலவில் கைகொடுத்தார்.

காந்தியடிகள் அந்நியத் துணியைப் புறக்கணிக்க அழைத்த காலம் அது. சுப்பாராவ் அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதர் அங்கியே அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தும் அவருக்கு முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் சேர முயன்றார், முடியவில்லை. டாக்டர் லக்ஷ்மிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலை கிடைத்தது.

இதே ஆண்டுகளில்தான் அவர் வாழ்க்கையைத் திசைதிருப்பிய துயரமும் நேர்ந்தது. ஸ்புரு என்பது வெப்ப நாடுகளில் காணப்படும் ஒரு குடல் நோய். ஓயாத வயிற்றுப்போக்கால் உடம்பு சத்தை ஏற்காது. இரத்தம் வெளுத்து ஆள் துரும்பாகிவிடுவார். அந்நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் எட்டே நாள் இடைவெளியில் பலியானார்கள். சுப்பாராவையும் அதே நோய் பிடித்தது. ஆயுர்வேத மருந்தால் பிழைத்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. மருத்துவம் படித்தவர் வீட்டிலேயே இரண்டு பேர் மருந்தில்லாமல் இறந்தால் அவர் மனம் எப்படி இருந்திருக்கும்? வெப்ப மண்டல நோய்களைப் பற்றி மேலே படிக்க வேண்டும் என்று உறுதி கொண்டார். காக்கிநாடாவில் இருந்த சத்தியலிங்க நாயக்கர் தருமநிதியின் உதவியும் மாமனாரின் உதவியும் சேர, கப்பலேறி 1922ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாஸ்டன் நகரை அடைந்தார்.

அங்கே அவருக்கு வரவேற்பு மாலை காத்திருக்கவில்லை. பகலில் ஹார்வர்டில் படிப்பு; இரவில் ஒரு மருத்துவமனையில் எடுபிடி வேலை. நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவி வயிற்றைக் கழுவினார் என்றே சொல்லவேண்டும். பட்டயம் பெற்றபின் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் உயிர்வேதியியல் ஆய்வில் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க இருவரும் கண்டுபிடித்த முறை 1925இல் வெளியாயிற்று. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் இன்றும் உயிர்வேதியியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். அதைத் தொடர்ந்து தசைகளுக்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியாட்டினையும், 1929இல் ஏ.டி.பி. என்று நாம் பாடத்தில் படிக்கும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் கண்டார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் ஏ.டி.பி.யைக் கண்டார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பதவி தரவில்லை. 1940இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வகத்துக்குச் சென்றுவிட்டார்.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1928இல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஜவுளி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். நமது ஊர்ப் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. அந்தப் பருத்தியை நூலாக்கிய கைகளில் இரத்தம் இல்லை. லூசி வில்ஸ் நமது குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்திலும், பின்னர் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி எனப்பட்ட இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் ஆய்வு செய்தார். எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அந்த ஏழைகள் உண்ட உணவையே கொடுத்துப் பார்த்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான பசையை உண்டவர்களுக்கு இரத்தம் ஊறியது. அதில் உள்ள சத்து என்ன என்பது மட்டும் பிடிபடவில்லை. 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் கீரையைப் பிழிந்து சாறெடுத்த விஞ்ஞானிகள், இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அச்சத்துக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சத்தைத் தூய்மையாகப் பிரித்து, அதன் அமைப்பை அறிந்து, 1945இல் ஆய்வகத்திலேயே செயற்கையாகச் செய்து காட்டியது சுப்பாராவின் குழு. மருத்துவர்கள் அதை ஸ்புரு நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், எழுந்து நடந்தார்கள். பறிகொடுத்த சகோதரர்களைக் கொன்ற நோய்க்கே மருந்து! வாரந்தோறும் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் நீல நிற மாத்திரையில் இரும்புச் சத்தோடு இருப்பது இதே ஃபோலிக் அமிலம்தான். மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிகிற தோழிகள் இதைக் கவனிக்கவும்.

இனிமேல்தான் அதிசயம். சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் பாஸ்டனில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் கவனித்து வந்தார். ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் குறைவதற்குப் பதில் வேகமாக வளர்வதுபோல் அவருக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால்? அதற்கான பொருளை அவர் சுப்பாராவின் குழுவிடம் நாடினார்.

ஒவ்வோர் உயிரணுவும் இரண்டாகப் பிரியும்முன் தன்னிடமுள்ள டி.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான கட்டுமானப் பொருளைத் தயாரிக்க ஃபோலிக் அமிலம் தேவை. அதுவும் அப்படியே பயன்படாது. ஒரு நொதி அதனை மாற்றித் தரவேண்டும். சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமில மூலக்கூறில் ஒரு சிறு பகுதியை மட்டும் மாற்றி ஒரு போலியைச் செய்தார்கள். போலிச் சாவி பூட்டுக்குள் நுழைந்துகொள்ளும், ஆனால் திரும்பாது. உண்மைச் சாவியையும் நுழைய விடாது. அதுபோல இந்தப் போலி நொதியைப் பற்றிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. முதலில் வந்தது அமினாப்டெரின். அதன் தம்பியாகப் பிறந்தது அமெத்தாப்டெரின். அதையே இன்று மெத்தோட்ரெக்சேட் என்கிறோம்.

ஃபார்பர் 1948 ஜூன் மாதம் தம் முடிவுகளை வெளியிட்டார். அமினாப்டெரின் பெற்ற பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. இருந்தாலும் குழந்தைகளின் இந்த இரத்தப் புற்றுநோயை ஒரு மருந்து தெளிவாகப் பின்வாங்கச் செய்தது அதுவே முதன்முறை.

சுப்பாராவ் அதன் பலனை முழுதாகப் பார்க்க இருக்கவில்லை. 1948 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு உறங்கச் சென்றவர் மறுநாள் எழவில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்துமூன்று. அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் இடம்கொடுத்த பின்னும் அவர் அதைப் பெற்றுக்கொள்ளாமல் இந்தியராகவே இறந்தார். யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் நாட்டில் வழங்கும் ஹெட்ரசான் மருந்தும், ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் அவர் தலைமையிலிருந்த ஆய்வகத்தில் அதே ஆண்டுகளில் உருவானவை. 1995இல், அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது, இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவர் புகழைப் பாடும் நூல்கள் வேகமாகக் கடந்துவிடும் ஒரு செய்தி இருக்கிறது. 1922இல் கப்பலேறியவர் பிறகு தாயகம் திரும்பவே இல்லை. அவருடைய ஆண் குழந்தை ஒன்பது மாதத்தில் எரிசிபெலஸ் என்ற தோல் தொற்றால் இறந்தது. சேஷகிரி அம்மையார் கணவருக்காக இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தார். காத்திருந்ததற்குக் கிடைத்தது மரணச் செய்தி. இதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த அம்மையாரின் தியாகத்துக்குத் தபால்தலை கிடையாது.

சுப்பாராவ் மறைந்த பின் மெத்தோட்ரெக்சேட் புற்றுநோயோடு நிற்கவில்லை. 1951இல் கப்னர் என்ற அமெரிக்க மருத்துவரும் தோழர்களும் அமினாப்டெரினை முடக்குவாத நோயாளிகள் சிலருக்குக் கொடுத்து, மூட்டு வீக்கம் குறைவதைக் கண்டார்கள். அப்போது கார்டிசோன் என்ற புதுமருந்து எல்லோர் கண்ணையும் பறித்திருந்ததால் அச்செய்தியை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. புற்றுநோய் மருந்து மூட்டு வீக்கத்தை ஏன் குறைக்க வேண்டும்? இதற்கு விடை தேடுவதில் ஆய்வகத்துச் சுண்டெலிகளுக்கும் கினிப் பன்றிகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

நம் உடம்பில் அந்நியப் பொருள் ஒன்று நுழைந்தால், அதை அடையாளம் காணும் சில லிம்போசைட் வெள்ளணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நாட்களுக்குள் பெரும்படையாகப் பெருகுகின்றன. அவற்றுள் பல பிளாஸ்மா செல்களாக மாறி எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. கிருமியை அழிக்க உதவுவது இந்த எதிர்ப்பொருள். முடக்குவாதத்தில் இந்தப் படை வழிதவறி, சொந்த உடம்பையே பகையாக நினைத்து மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிறது.

எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களைக் கண்ணால் எண்ண முடியுமா? முடியும் என்று 1963இல் நீல்ஸ் ஜெர்னேயும் ஆல்பர்ட் நார்டினும் காட்டினார்கள். சுண்டெலிக்குச் செம்மறியாட்டின் இரத்தச் சிவப்பணுக்களை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். எலிக்கு அவை அந்நியப் பொருள். நான்கைந்து நாள் கழித்து எலியின் மண்ணீரலை எடுத்துச் செல்களைப் பிரித்து, ஆட்டின் சிவப்பணுக்களோடு சேர்த்து அகார் கூழில் கலந்து தட்டில் பரப்புவார்கள். பிறகு கினிப் பன்றியின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊற்றுவார்கள். எதிர்ப்பொருள் சுரக்கும் செல் எங்கே இருக்கிறதோ, அதைச் சுற்றியுள்ள சிவப்பணுக்கள் உடைந்து கரைந்துவிடும். செந்நிறத் தட்டில் வட்ட வட்டமாகத் தெளிந்த புள்ளிகள் தோன்றும். நெற்றித் திலகம் அழிந்த இடம்போல என்று எனக்குத் தோன்றியது. ஒரு புள்ளிக்கு ஒரு செல், எண்ணிவிடலாம். எவ்வளவு எளிமை!

இத்தகைய சோதனைகளில் மெத்தோட்ரெக்சேட் கொடுத்த எலிகளின் தட்டுகளில் புள்ளிகள் குறைந்தன. அதைவிடச் சுவையானது, மருந்து கொடுக்கும் நேரம் முக்கியம் என்பது. ஆட்டு இரத்தத்தைச் செலுத்துவதற்குப் பல நாள் முன்பே மருந்தைக் கொடுத்து நிறுத்திவிட்டால் பெரிய விளைவு இல்லை. அதே நாளிலோ அடுத்த ஓரிரு நாட்களிலோ கொடுத்தால் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. காரணம் இப்போது நமக்கே புரியும். செல்கள் பிரிந்து பெருகும் நாட்கள் அவை, அப்போதுதான் டி.என்.ஏ. படியெடுக்க ஃபோலிக் அமிலம் வேண்டியிருக்கிறது. முதிர்ந்து எதிர்ப்பொருள் சுரக்கத் தொடங்கிவிட்ட பிளாஸ்மா செல் மேலும் பிரிவதில்லை. ஆதலால் மருந்துக்கு அதனிடம் பிடி இல்லை. நொதி மாற்றித் தரவேண்டிய பொருளையே நேரடியாகத் தரும் ஃபோலினிக் அமிலத்தைக் கொடுத்தால், மருந்தின் தடை நீங்கிவிடுகிறது. பூட்டு அடைபட்டிருந்தாலும் பின்கதவு வழியாகப் பொருளை உள்ளே கொடுத்துவிடுகிறோம் அல்லவா?

அந்தப் புள்ளிகளை எண்ணுவதற்கு எலிகள் உயிரைக் கொடுத்திருக்கின்றன. மருந்தின் பெயர் நமக்குத் தெரிகிறது. எலிகளுக்குப் பெயரே இல்லை. அவற்றையும் படைத்தவர் இறைவனே என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். வேண்டாத துன்பம் தராமல், வேண்டிய அளவுக்கு மேல் கொல்லாமல் ஆய்வு செய்யவேண்டும் என்று நம் நாட்டில் இப்போது விதிகள் இருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

1980களில் நடந்த கவனமான சோதனைகளுக்குப் பின், 1988இல் அமெரிக்க அரசு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை அங்கீகரித்தது. இன்று உலகெங்கும் அந்நோய்க்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதும் மருந்து இதுவே. புற்றுநோய்க்குத் தரும் அளவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு. இந்தச் சிறிய அளவில், எதிர்ப்பொருள் செல்களின் பெருக்கத்தைத் தடுப்பது மட்டுமே காரணமன்று என்றும், உடம்பில் அடினோசின் என்ற பொருளைக் கூடச் செய்து வீக்கத்தைத் தணிப்பதே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்றும் இப்போது கருதுகிறார்கள். எந்த அடினோசின்? சுப்பாராவ் 1929இல் கண்ட ஏ.டி.பி.யின் முதலெழுத்தில் இருக்கும் அதே அடினோசின்!

பருத்திப்பட்டில் எங்கள் வீட்டிலும் இம்மருந்து இருக்கிறது. என் பாட்டிக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க ஒரு மணி நேரம் ஆகும். பூத் தொடுப்பதையே விட்டிருந்தார்கள். இப்போது மெதுவாகத் தொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும் மெத்தோட்ரெக்சேட். வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். போலியும் அசலும் ஒரே டப்பாவில்! நாட்காட்டியில் ஞாயிறைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போடுவது என் வேலை. இம்மருந்தை வாரத்துக்கு ஒருமுறை என்பதை மறந்து நாள்தோறும் விழுங்கிவிட்டால் வாய்ப்புண் வரும். எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஊறுவது நின்று உயிருக்கே ஆபத்தாகும். அப்படி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. இரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும். வீட்டில் யாராவது இம்மருந்து உண்பவர் இருந்தால், தோழியரே, அட்டையில் எழுதியிருப்பதை ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். பெரியவர்களுக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை.

சுண்டெலிகளிடம் கண்ட நேரக் கணக்கு மனிதருக்கும் பயன்படுகிறது. மெத்தோட்ரெக்சேட் உண்பவர்களுக்கு இன்ஃபுளுயன்சா தடுப்பூசி போட்டால் எதிர்ப்பொருள் குறைவாகவே சுரக்கிறது. ஊசி போட்டபின் இரண்டு வாரம் மருந்தை நிறுத்திவைத்தால் கூடுதலாகச் சுரக்கிறது என்று தென்கொரியாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் இப்போது அவ்வாறே செய்யச் சொல்கிறார்கள். நாமாக நிறுத்தக் கூடாது. என் பாட்டிக்கும் மருத்துவர் சொல்லித்தான் அப்படி நிறுத்தினோம். அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நாட்காட்டியில் வட்டம் இல்லை. மூன்றாம் ஞாயிறன்று மறுபடியும் போட்டேன்.